ஏற்காடு வீட்டு கேமரா ராத்திரி ஆனா போயிடுது, நாமளே சரி பண்ணலாமா இல்ல மொத்தமா மாத்தணுமா?

நாகலூர்_காப்பி:

எல்லாருக்கும் வணக்கம். அப்பா அம்மா ரெண்டு பேரும் ஏற்காட்ல நாகலூர் ரோட்டுல இருக்காங்க, மூணு ஏக்கர் காப்பி, சில்வர் ஓக் மரத்துல மிளகுக் கொடி. நான் வேலைக்காக கீழ அஸ்தம்பட்டில இருக்கேன், ஞாயித்துக்கிழமை மட்டும் மேல போவேன். 2019ல வீட்டுக்கு நாலு கேமரா போட்டோம், எல்லாம் ரெண்டு மெகாபிக்சல் அனலாக், ஹால்ல பதிவு பண்ற பெட்டி டிவிஆர், ஒரு டிபி ஹார்ட் டிஸ்க்.

போன சீசன்ல களத்துல காயப்போட்டிருந்த மிளகுல ரெண்டு மூட்டை ராத்திரியோட ராத்திரியா போயிடுச்சு. காலைல டிவிஆரைப் போட்டுப் பாத்தா களத்து கேமரால வெறும் வெள்ளையா பனி, கேட்டு கேமரால சாயங்காலம் ஆறரைக்கு மேல ‘வீடியோ லாஸ்’னு கறுப்பு. அப்பா அதைப் பாத்துட்டு ஒரு வார்த்தை பேசல, டிவியை நிறுத்திட்டு வெளில போய் நின்னுட்டார். எனக்கு அது இன்னும் மனசுலயே நிக்குது.

இப்ப காப்பி பழம் எடுக்க ஆரம்பிச்சாச்சு, அதுக்குள்ள சரி பண்ணணும். சேலத்துலேர்ந்து ஒருத்தர் வந்து பாத்தார், அஞ்சு நிமிசம்தான் பாத்திருப்பார், எல்லாமே பழசு, புதுசா போட்டா 38,000 ஆகும்னுட்டார். எதனால கெட்டுச்சுன்னு கேட்டதுக்கு பதில் இல்ல. அந்த பணத்தைக் குடுக்க மனசு வரல, அதுக்காக தப்பா எதையாவது பிரிச்சு இருக்கறதையும் கெடுத்துக்கவும் பயமா இருக்கு.

இப்போதைய நிலைமை இதுதான். கேட்டு கேமரா வீட்லேர்ந்து அறுபது மீட்டர் இருக்கும், பகல்ல நல்லா இருக்கு, இருட்டினதும் ஒரு தடவ மினுக்குன்னு வந்துட்டு போயிடும். போர்ட்டிகோ கேமரால பகல்ல எல்லாம் ரோஸ் கலர், காப்பிச் செடி இலையெல்லாம் வெளுத்துப் போய் தெரியுது. களத்து கேமரா நல்லாதான் இருக்கு, ஆனா பனி இறங்கினா வெள்ளைச் சுவர் மாதிரி. பின்பக்க கேமரால காலைல கண்ணாடிக்கு உள்பக்கமே ஈரம் கோத்துக்குது. இது பத்தாதுன்னு கரண்ட் ரொம்ப நேரம் போயிட்டு வந்தா டிவிஆர்ல தேதி 2000ம் வருசம் ஜனவரி ஒண்ணுக்குப் போயிடுது. மல்ட்டிமீட்டர் இருக்கு, சால்டரிங் ஓரளவு வரும். எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

மல்ட்டிமீட்டர்_சேலம்:

தம்பி, நான் நாலு ரோடு பக்கம் டிவி, பவர் சப்ளை ரிப்பேர் பண்றவன், கேமராவும் நிறைய வரும். நீங்க சொன்ன கேட்டு கேமரா கெட்டே இருக்காது, அடிச்சுச் சொல்றேன். பகல்ல ஓடி ராத்திரில சாகற கேமரான்னா நூத்துக்குத் தொண்ணூறு கரண்ட் பத்தாத கேஸ்தான். பகல்ல அது கொஞ்சமா இழுக்கும், இருட்டினதும் முன்னாடி இருக்கற ஐஆர் எல்இடி, அதாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லைட்டு எல்லாம் எரிய ஆரம்பிக்கும், இழுக்கற கரண்ட் ரெண்டு மூணு மடங்கு ஆயிடும், அந்த நேரத்துல ஒயர் நீளமா மெலிசா இருந்தா வோல்டேஜ் வழிலயே கரைஞ்சு போயிடும். கேமரா ஆன் ஆகும், எல்இடி எரியும், வோல்டேஜ் விழும், அணைஞ்சிடும், திரும்ப ஆன் ஆகும். அந்த மினுக்குதான் நீங்க பாத்தது.

கணக்கு போட்டே காட்டறேன். அறுபது மீட்டர்னா போக வர 120 மீட்டர் கம்பி. மெலிசு ஒயர்ல உள்ள இருக்கற செம்பு 0.2 ஸ்கொயர் எம்எம்னு வைங்க, 120 மீட்டருக்கு பத்து ஓம் கிட்ட வந்துடும். ராத்திரில கேமரா 0.4 ஆம்பியர் இழுத்தா நாலு வோல்ட் ஒயர்லயே போச்சு, இங்க 12 குடுத்தா அங்க எட்டுதான் போய்ச் சேரும். அதுலயும் சில பேர் செம்புன்னு சொல்லி அலுமினியத்து மேல செம்பு பூசின ஒயரைப் போட்டுட்டுப் போயிடறாங்க, அதுல நஷ்டம் இன்னும் ஒண்ணரை மடங்குக்கு மேல. கண்டுபிடிக்கறது சுலபம், கம்பியை பிளேடால லேசா சுரண்டுங்க, உள்ள வெள்ளையா வந்தா அலுமினியம்.

அளக்கறதுல ஒரு விசயம் இருக்கு, நிறைய பேர் தப்பு பண்றதும் இங்கதான். கேமராவைக் கழட்டிட்டு பின்னுல மீட்டரை வெச்சா 12 வோல்ட் அழகா காட்டும், எல்லாம் சரின்னு நினைச்சுக்குவீங்க. கேமரா சொருகி ஓடிட்டு இருக்கும்போதுதான் அளக்கணும். ராத்திரி வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். லென்ஸுக்குப் பக்கத்துல எல்இடிங்க நடுவுல சின்னதா ஒரு வெளிச்சக் கண்ணு இருக்கும், அதைக் கட்டைவிரலால நல்லா மூடுங்க. சில மாடல்ல கண்ணு தனியா இருக்காது, அதுல லென்ஸோட சேத்து மொத்த முகத்தையும் கறுப்புத் துணியால மூடிடுங்க. ரெண்டு மூணு செகண்டுல உள்ள ‘டிக்’னு ஒரு சத்தம் வரும், கேமரா ராத்திரின்னு நினைச்சு எல்இடியைப் போட்டுடும். அந்த நேரத்துல மீட்டர் என்ன காட்டுதுன்னு பாருங்க. 11க்கு மேல இருந்தா கேமராவைச் சந்தேகப்படலாம், 9, 8ன்னு விழுந்தா கேமராமேல தப்பே இல்ல.

ஒயர் த்ரீ பிளஸ் ஒன்னா, அதாவது மூணு கரண்ட் கம்பியும் ஒரு வீடியோ ஒயரும் சேந்ததா இருந்தா, அந்த மூணு கம்பில ஒண்ணு சும்மாதான் கிடக்கும், அதையும் ரெண்டு முனையிலயும் பிளஸ்ஸோட சேத்து முறுக்கிப் பாருங்க, கொஞ்சம் ஏறும். பத்தலைன்னா கேட்டு பக்கத்துலயே தனி அடாப்டர் போடறதுதான் நல்லது. வீட்ல எல்லா கேமராவுக்கும் 12 வோல்ட் குடுக்கற பவர் சப்ளை பெட்டி, அந்த எஸ்எம்பிஎஸ்ஸோட திருகாணியைத் திருப்பி வோல்டேஜை ஏத்தினா சரியாயிடும்னு யாராவது சொல்லுவாங்க, பக்கத்துல இருக்கற மத்த மூணு கேமராவுக்கும் அது ஏறும்ங்கறதை நினைச்சுக்குங்க, நான் 13ஐத் தாண்ட மாட்டேன்.

எஸ்எம்பிஎஸ்ஸையும் ஒரு தடவ பாத்துடுங்க, மூடியோட ஓட்டை வழியாவே தெரியும், கெப்பாசிட்டர் தலை உப்பி இருந்தா அதோட ஆயுசு முடிஞ்சதுன்னு அர்த்தம். ஆனா நீங்க அதைப் பிரிக்காதீங்க தம்பி. ப்ளக்கைப் புடுங்கின பிறகும் உள்ள பெரிய கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும். இதே தொழில்ல இருக்கற நானே அதை டிஸ்சார்ஜ் பண்ணாம கை வைக்க மாட்டேன். எஸ்எம்பிஎஸ் போயிருந்தா புதுசு வாங்கிடுங்க, அது பெரிய விலை இல்ல.

ரோஸ் கலர் கேமராவும் மேல சொன்ன அந்த ‘டிக்’ சம்பந்தப்பட்டதுதான். லென்ஸுக்குப் பின்னால ஒரு சின்ன கண்ணாடித் துண்டு பகல்ல குறுக்க வந்து ஐஆர் வெளிச்சத்தைத் தடுக்கும், ராத்திரில விலகிக்கும். உங்களுது விலகின இடத்துலயே சிக்கிக்கிச்சு, அதனாலதான் இலையெல்லாம் வெளுத்துத் தெரியுது. மெனுல டே, நைட்னு மாத்தி மாத்தி பத்து தடவ போடுங்க, கூடவே ஸ்க்ரூ டிரைவரோட பிடியால பாடி மேல மெதுவா தட்டுங்க. பாதி கேஸ் அதுலயே விட்டுடும்.

மஞ்சக்குட்டை_அக்கா:

தம்பி, நானும் மலைமேலதான், மஞ்சக்குட்டை பக்கம் சின்னதா ஹோம்ஸ்டே வெச்சிருக்கேன். அண்ணன் கரண்ட் விசயத்தைத் தெளிவா சொல்லிட்டார், நான் பனியைப் பத்தி சொல்றேன், அது கீழ இருக்கறவங்களுக்கு அவ்வளவா புரியாது.

மார்கழில ராத்திரி எட்டு மணிக்கு அடிவாரத்துலேர்ந்து மேல ஏறி வந்திருக்கீங்கல்ல, இருபது கொண்டை ஊசி வளைவுல பாதிக்கு மேல பனி மூடிக்கிட்டா ஹை பீம் போட முடியுமா? போட்டா கண்ணு முன்னாடி வெள்ளைத் திரை வந்துடும், டிம் பண்ணி ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பாத்துதானே வண்டி ஓட்டுவோம். கேமராவும் அதேதான் பண்ணுது. அதோட எல்இடி லென்ஸைச் சுத்தியே இருக்கு, வெளிச்சம் நேரா போய் பனித்துளில பட்டு நேரா திரும்பி லென்ஸுக்குள்ளயே வருது. அதனால விலை கூடின கேமரா வாங்கினாலும் எல்இடி அதே இடத்துல இருந்தா அதே வெள்ளைதான் வரும், எங்க வீட்ல வாங்கிப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டோம்.

நாங்க பண்ணது, களத்தைப் பாக்கற கேமரால மெனுக்குள்ள போய் ஐஆரை நிறுத்திட்டோம், கேமராலேர்ந்து பத்தடி தள்ளி, உயரத்தையும் குறைச்சு தனியா ஒரு ஐஆர் லைட்டு வெச்சோம். வெளிச்சம் ஒரு பக்கத்துலேர்ந்து போகுது, கேமரா வேற பக்கத்துலேர்ந்து பாக்குது. அடர்த்தியா மூடற அன்னிக்கு ஒண்ணும் பண்ண முடியாதுங்க, நம்ம கண்ணுக்கே தெரியாதது கேமராவுக்கும் தெரியாது, ஆனா சாதாரண பனில ஆள் நடமாட்டம் நல்லா தெரியுது. ஐஆர் லைட்டு வாங்க வேண்டாம்னா சாதாரண மஞ்ச பல்பு ஒண்ணை ஓரமா எரிய விட்டாலே போதும், படம் கலர்லயும் வரும், திருட வர்றவனுக்கும் ஒரு பயம் இருக்கும்.

சிலந்தி வலையை மறந்துடாதீங்க. எல்இடி சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் பூச்சி வரும், பூச்சிக்கு சிலந்தி வரும், ஒரே ஒரு நூல் லென்ஸ் குறுக்க போனா ராத்திரில அது டியூப் லைட் மாதிரி தெரியும், காத்துல ஆடும்போதெல்லாம் மோஷன் அலாரம் அடிக்கும். வாரத்துக்கு ஒரு தடவ நீளக் குச்சில பழைய காட்டன் துணி கட்டித் துடைச்சு விடறேன். பூச்சி மருந்து அடிக்காதீங்க, பிளாஸ்டிக் மூடி மங்கிப் போயிடும்.

பின்பக்க கேமரால உள்ள ஈரம் கோக்கறது எனக்கும் ரெண்டு தடவ வந்துச்சு. முன்பக்கம் வழியா தண்ணி போறதா நினைச்சு கண்ணாடியைச் சுத்தி சிலிக்கான் பூசினேன், அது தப்பு. தண்ணி வந்தது பின்னாடி ஒயர் வழியா. ஜாயின்ட் பெட்டி இல்லாம சும்மா டேப் சுத்தித் தொங்க விட்டிருந்தாங்க, மழைத்தண்ணி ஒயர் மேலயே ஓடி உள்ள இறங்கியிருக்கு. ஒயர் கேமராவுக்குப் போறதுக்கு முன்னாடி கீழ தொங்கி ஒரு வளைவு எடுத்து மேல ஏறணும், அப்பத்தான் சொட்டு அந்த வளைவுலயே விழுந்துடும். நல்ல வெயில் நாளாப் பாத்து கேமராவைத் திறந்து காய வெச்சு, மருந்து டப்பாவுல வருமே சிலிக்கா ஜெல் பொட்டலம், அதுல ஒண்ணு ரெண்டு உள்ள போட்டு, ரப்பர் வளையம் மடங்காம மூடுங்க.

இன்னொண்ணு, ஏப்ரல் மே கோடை மழைல இடி எப்படி விழும்னு உங்களுக்கே தெரியும். அப்பாகிட்ட சொல்லி வைங்க, வானம் இருட்டும்போதே டிவிஆர் ப்ளக்கைப் புடுங்கிட்டு, கேட்டுலேர்ந்து வர்ற நீள ஒயரையும் கழட்டி விடணும், இடி அடிக்க ஆரம்பிச்ச பிறகு அதுகிட்டயே போக வேண்டாம். எனக்கு ஒரு இடில டிவிஆர்ல ரெண்டு சேனல் போயிடுச்சு, நான் கேமராதான் போச்சுன்னு நினைச்சு ரெண்டு புது கேமரா வாங்கிட்டேன். ஓடற சேனல்ல இருக்கற ஒயரைக் கழட்டி ஓடாத கேமராவோட ஒயரை அங்க மாட்டிப் பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்.

அஞ்சுரோடு_2020:

எதுக்கு இவ்வளவு பாடு, வைஃபை கேமரா ஒண்ணு ரெண்டாயிரத்துக்கு வருது, நாலு வாங்கி மாட்டிட்டு போன்ல பாத்துக்க வேண்டியதுதானே.

மல்ட்டிமீட்டர்_சேலம்:

வீட்டுக்குள்ள வெக்க வாங்கலாம்ங்க, தப்பில்ல. ஆனா அறுபது மீட்டர் தள்ளி, நடுவுல கல்லுச் சுவரும் மரமும் இருக்கற எடத்துல, ஈரக் காத்துல, வைஃபை நிக்காது. அதுக்கும் கரண்ட் ஒயர் இழுத்துத்தான் ஆகணும். மெமரி கார்டு கேமராக்குள்ளயே இருக்கறதால கேமராவைப் பிடுங்கிட்டுப் போறவன் சாட்சியையும் சேத்து எடுத்துட்டுப் போயிடுவான். இவங்களுக்கு ஒயர் போட்டதுதான் சரி.

பனங்காட்டு_கொலுசு:

நாங்க பனங்காட்ல வெள்ளிக் கொலுசு பட்டறை வெச்சிருக்கோம், வீடும் பட்டறையும் ஒண்ணாத்தான் இருக்கு, வெள்ளி விக்கற விலைக்கு கேமரா இல்லாம தூக்கம் வராது. ரிப்பேரைப் பத்தி ரெண்டு பேரும் சொல்லிட்டாங்க, எந்த கேமராவை வெச்சுக்கலாம் எதைத் தூக்கிப் போடலாம்னு எப்படி முடிவு பண்றதுன்னு நான் சொல்றேன்.

பகல்ல டிவில பாத்து ‘ஆகா நல்லா இருக்கே’ன்னு சொல்றதுல பிரயோஜனமே இல்ல. ராத்திரி லைட்டெல்லாம் அணைச்சுட்டு, வீட்டாளுங்க ரெண்டு பேரை கேட்டுலேர்ந்து வாசல் வரைக்கும் சாதாரண வேகத்துல நடக்கச் சொல்லுங்க, நிக்கக் கூடாது, நடக்கணும். அப்புறம் லைவ்ல பாக்காம, பதிவானதை பென் டிரைவ்ல எடுத்து கம்ப்யூட்டர்ல போட்டு நிறுத்தி நிறுத்திப் பாருங்க. அது யாருன்னு தெரியாத ஒரு ஆள்கிட்ட காட்டுங்க, இவங்க ரெண்டு பேரும் வேற வேற ஆளுன்னு முகத்தை வெச்சு அவர் சொல்லிட்டா கேமரா பாஸ். ராத்திரில வெளிச்சம் பத்தாம ஷட்டர் மெதுவா ஓடும், நிக்கற ஆள் தெளிவா தெரிவார், நடக்கற ஆள் இழுத்த மாதிரி ஆயிடுவார். திருடன் நின்னு போஸ் குடுக்க மாட்டானே. அதுக்காகத்தான் நடக்கச் சொல்றேன்.

தூரத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு. கேமரா தரத்துக்குன்னு 2014ல வந்த சர்வதேச அளவுகோல்ல, முன்பின் தெரியாத ஆளை முகம் வெச்சு அடையாளம் காட்டணும்னா ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேணும்னு சொல்லியிருக்கு, தெரிஞ்ச ஆளா இல்லையான்னு சொல்ல 125, யாரோ ஒருத்தர் வர்றார்னு மட்டும் தெரிஞ்சா போதும்னா 25. ரெண்டு மெகாபிக்சல் கேமரால குறுக்க 1920 பிக்சல். அப்ப முகம் தெரியணும்னா படத்தோட அகலம் ஏழரை மீட்டர்தான் இருக்கலாம். 3.6 எம்எம் லென்ஸ்னா நாலஞ்சு மீட்டர் தூரத்துலயே அந்த அகலம் வந்துடும். அதனால உங்க களம் பெரிசுன்னா ஒரே கேமரா மொத்தக் களத்தையும் காட்டும், ஆனா ஒரு முகத்தையும் காட்டாது. களத்துக்கு வர ஒரு வழிதான் இருக்குன்னா அந்த வழில ஒரு கேமராவை ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேல குறுகலா வைங்க. மாடி உயரத்துல வெச்சா தலைமுடிதான் பதிவாகும்.

எத்தன நாள் பதிவு நிக்குதுன்னு பாத்தீங்களா? ஒரு கேமரா ரெண்டு எம்பிபிஎஸ்னா, அதாவது செகண்டுக்கு ரெண்டு மெகாபிட் எழுதினா, ஒரு நாளைக்கு 21.6 ஜிபி, நாலு கேமராவுக்கு 86 ஜிபி. ஒரு டிபின்னா பதினோரு நாள், அதுக்கப்புறம் பழசு மேலயே எழுதிடும். மூட்டை குறையறது பதினஞ்சு நாள் கழிச்சு எடை போடும்போது தெரிஞ்சா ஒண்ணும் கிடைக்காது. டிவிஆர்ல வீடியோவை இன்னும் சின்னதா சுருக்கற எச் 265 இருந்தா அதை ஆன் பண்ணுங்க, கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு நாள் வரும்.

அந்த 2000 ஜனவரி ஒண்ணு விசயத்தை சாதாரணமா விடாதீங்க. டிவிஆர் போர்டுல ஒரு ரூபா காசு அளவுக்கு ஒரு பட்டன் செல் இருக்கும், சிஆர் 2032, வாட்ச் கடைல கிடைக்கும், அது தீர்ந்து போச்சு, அவ்வளவுதான். மாத்தறதுக்கு முன்னாடி டிவிஆர் ப்ளக்கைக் கழட்டிடுங்க. தேதி தப்பா இருக்கற பதிவை ஸ்டேசனுக்குக் கொண்டு போனா முதல் கேள்வியே அதுதான் வரும். 2024 ஜூலை 1லேர்ந்து பாரதிய சாட்சிய சட்டம் அமல்ல இருக்கு, பழைய சாட்சிய சட்டத்துல 65 பி பிரிவுன்னு சொல்லுவாங்களே, இப்ப அது 63ம் பிரிவு. வீடியோவைச் சாட்சியா குடுக்க சான்றிதழ் வேணும், ஃபைலோட ஹாஷ் மதிப்பையும், அதாவது அந்த ஃபைலுக்குக் கைரேகை மாதிரி இருக்கற எண்ணையும், அதுல எழுதணும். அதனால ஏதாவது நடந்தா போன்ல டிவியைப் படம் எடுத்து அனுப்பறதோட விட்டுடாதீங்க, டிவிஆர்லேர்ந்து ஒரிஜினல் ஃபைலை அன்னிக்கே எடுத்து வைங்க, டிவிஆரையும் பத்திரமா வைங்க.

கடைசியா பாஸ்வேர்டு. மாட்டினவர் வெச்ச அதே பாஸ்வேர்டுதான் இன்னும் இருக்கும், இன்னிக்கே மாத்துங்க. 2016ல மிராய்னு ஒரு வைரஸ் உலகம் பூரா லட்சக்கணக்குல கேமராவையும் டிவிஆரையும் பிடிச்சது, அது பெரிசா எதையும் உடைக்கல, கம்பெனில வெச்சு வந்த பாஸ்வேர்டைப் போட்டுப் பாத்தே உள்ள போயிடுச்சு.

நாகலூர்_காப்பி:

மூணு பேருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. சனி ஞாயிறு ரெண்டு நாளும் மேலதான் இருந்தேன், நடந்ததை வரிசையா சொல்லிடறேன்.

கேட்டு கேமராகிட்ட ஏணி போட்டு ஏறினேன், அப்பா கீழ பிடிச்சுக்கிட்டார். சும்மா ஓடும்போது மீட்டர்ல 10.6. கட்டைவிரலால கண்ணை மூடினேன், அண்ணன் சொன்ன மாதிரியே ‘டிக்’ வந்துச்சு, அடுத்த நொடி 7.7, கேமரா அணைஞ்சு திரும்ப எரியுது. கம்பியைச் சுரண்டினா உள்ள வெள்ளையா இருக்கு அண்ணே, அலுமினியம்தான். இத்தன வருசமா அதைச் செம்புன்னு நினைச்சுட்டு இருந்திருக்கோம். மூணாவது கம்பியைச் சேத்ததும் 9.1 ஆச்சு, அப்பவும் நம்பிக்கை வரல. கேட்டு பக்கத்துலயே மோட்டார் ரூம் இருக்கு, அங்கேர்ந்து ரெண்டு ஆம்பியர் அடாப்டர் போட்டேன், இப்ப விரலை வெச்சு மூடினாலும் 11.8 நிக்குது. ராத்திரி பூரா ஓடுச்சு.

ரோஸ் கேமரா தட்டினதும் சரியாச்சு, ஞாயித்துக்கிழமை காலைல மறுபடியும் ரோஸ். அதை மட்டும் மாத்திடலாம்னு முடிவு பண்ணிட்டேன். பின்பக்க கேமராவைத் திறந்தா பவர் பின்னு பூரா பச்சைக் களிம்பு, வெட்டிட்டு புது பின் வெச்சேன், ஜாயின்ட் பெட்டி போட்டேன், சிலிக்கா ஜெல்லும் போட்டாச்சு அக்கா. பட்டன் செல்லும் மாத்தினேன். களத்துக்கு ஐஆரை நிறுத்திட்டு கொட்டகை ஓரத்துல ஒரு மஞ்ச பல்பு. சனிக்கிழமை ராத்திரி லேசா பனி இருந்துச்சு, அப்பாவைக் களத்துல நடக்கச் சொல்லி பதிவு பண்ணிப் பாத்தோம், முகம் அந்த தூரத்துல தெரியல, ஆனா தோள்ல துண்டு போட்டிருக்கறது தெரியுது. பனங்காட்டு அண்ணன் சொன்ன மாதிரி களத்துக்கு வர்ற படிக்கட்டுல ஒண்ணு குறுகலா வெக்கணும், அந்த இடத்துக்குத்தான் புது கேமரா.

செலவு இதுவரைக்கும் அடாப்டர், பின், பெட்டி, செல், பல்பு எல்லாம் சேத்து ஆயிரத்துக்குள்ள. ஒரே ஒரு சந்தேகம், தனி அடாப்டர் போட்டதிலேர்ந்து கேட்டு கேமரா படத்துல மெலிசா கோடு கீழேர்ந்து மேல மெதுவா நகருது. அப்புறம் புது கேமரா வாங்கும்போது என்ன பாக்கணும்?

மல்ட்டிமீட்டர்_சேலம்:

நல்லா பண்ணியிருக்கீங்க தம்பி. நகர்ற கோடு கிரவுண்ட் லூப்பாத்தான் இருக்கும். கேமராவும் டிவிஆரும் வேற வேற எடத்துல கரண்ட் எடுக்குது, ரெண்டு எர்த்துக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் வீடியோ ஒயரோட ஷீல்டு வழியா ஓடுது. முதல்ல கேமரா பாடி இரும்புக் கம்பத்துல நேரா படுதான்னு பாருங்க, பட்டா நடுவுல ஒரு மரத்துண்டோ பிளாஸ்டிக் பெட்டியோ வெச்சு மாட்டுங்க. மோட்டார் ஓடும்போது மட்டும் கோடு அதிகமாச்சுன்னா அடாப்டரை வேற பாயின்ட்டுக்கு மாத்துங்க. ரெண்டுலயும் போகலைன்னா கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்னு கேளுங்க, டிவிஆர் முனைல ஒயருக்கு நடுவுல சொருகறது, எச்டி கேமராவுக்கு ஒத்து வர்றதுதானான்னு கேட்டு வாங்குங்க, பழைய மாடல் போட்டா படம் மங்கிடும்.

புதுசு வாங்கறப்ப உங்க டிவிஆர் எடுக்கற அனலாக் வகையான்னு பாருங்க, பெட்டில பிஐஎஸ், அதாவது இந்தியத் தர நிர்ணய அமைப்போட பதிவு எண் இருக்கணும், 2025 ஏப்ரல்லேர்ந்து அந்தப் பதிவுக்கு சைபர் பாதுகாப்பு சோதனையும் கட்டாயம் ஆக்கியிருக்காங்க. படிக்கட்டுக்குன்னா குறுகலா காட்டற 6 எம்எம் லென்ஸ் கேளுங்க, அகலமா காட்டற 2.8 வேண்டாம். ஒயர் நீங்களே வாங்குங்க, கடைல நின்னு முனையைச் சுரண்டிப் பாத்துட்டு காசைக் குடுங்க.

மஞ்சக்குட்டை_அக்கா:

தம்பி, படிக்கட்டு கேமராவுக்கு கம்பம் நடறதா இருந்தா காட்டு மாடு வர்ற தடத்தை விட்டுத் தள்ளி நடுங்க. எங்க பக்கம் ஒண்ணு முதுகைத் தேச்சுத் தேச்சே கம்பத்தைச் சாய்ச்சுட்டுப் போயிடுச்சு, ஒயர் சேந்து அறுந்துச்சு. சுவத்துலயே மாட்ட எடம் இருந்தா அதுதான் நல்லது.